நிலாவெளி வெங்காயத் தோட்டமும் மூன்று பீடங்களும்

மூன்று துறை சேர்ந்த ஆராய்ச்சி என்று விண்ணப்பத்தில் எழுதினால் நிதி கொடுப்பவர்களுக்குப் பிடிக்கும். எழுதுவதும் பெரிய வேலையில்லை. விவசாய பீடத்திலிருந்து ஒருவர், உயிரியல் பக்கம் ஒருவர், பொறியியல் பீடத்திலிருந்து ஒருவர் கையெழுத்து வைத்தால் போதும். அதன் பிறகு அவரவர் தங்கள் பகுதியைத் தங்கள் இடத்தில் இருந்து செய்து, கடைசி மாதத்தில் மூன்று அறிக்கைகளையும் ஒன்றாக ஸ்டேப்பிள் அடித்துக் கொடுப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நிலாவெளிப் பக்கம் சின்ன வெங்காயத் தோட்டங்களில் ஆராய்ச்சி உதவியாளராக நின்றபோது எங்களால் அப்படிச் செய்ய முடியவில்லை. எங்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை என்று நினைக்க வேண்டாம். கிணறு விடவில்லை, அவ்வளவுதான்.

திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று வடக்கே போகும் கரையோரம் முழுக்க மணல். தண்ணீர் சில அடிகளிலேயே கிடைக்கும். ஆனால் அந்த நல்ல தண்ணீர் கீழே இருக்கும் கடல் நீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு எவ்வளவு தூரம் ஏறி வரும்? அந்தக் கிணற்றில்தான் தோட்டக்காரர் மெசின் வைத்து இறைக்கிறார். பாத்தியில் போட்ட பசளை கரைந்து திரும்பவும் அதே கிணற்றுக்குள் இறங்குகிறது. பல வீடுகளில் குடிப்பதற்கும் அதே தண்ணீர்தான். இறைப்பது பொறியியல், பயிரும் பசளையும் விவசாயம், மண்ணுக்குள் நடக்கும் இரசாயன மாற்றமும் குடிக்கிறவர் உடம்பும் உயிரியல் என்று தாளில் பிரிக்கலாம். கிணற்றுக்குள் பிரிக்க முடியாது. கூட்டு ஆராய்ச்சி தொடங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்த ஒரு துறையாலும் தனியாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று கிடைக்கும் வரை விண்ணப்பத்தை எழுதாதீர்கள்.

இலங்கையின் கிழக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், அதாவது தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் வந்தாறுமூலையில். பொறியியல் பீடம் வேண்டுமென்றால் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலுக்குப் போக வேண்டும். வடக்கே போனால் கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயமும் பொறியியலும் ஒரே இடத்தில் உண்டு, ஆனால் அங்கிருந்து வெங்காயம் பார்க்க நிலாவெளிக்கு வர வேண்டும். எங்கள் குழுவில் யார் எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விட்டுவிடுகிறேன். சொல்லப் போவதில் சில விஷயங்கள் எல்லோருக்கும் இனிக்காது.

முதல் இழுபறி காலண்டரில் வந்தது. சின்ன வெங்காயம் நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பிடுங்கிவிடும் பயிர். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடை மழை. தாழ்ந்த பாத்திகளில் தண்ணீர் நிற்கும். மழை விட்ட பிறகு தோட்டக்காரர் நிலத்தைப் பார்த்து, விதை வெங்காயத்தின் விலையைப் பார்த்து, ஒரு நாள் திடீரென்று நட்டுவிடுவார். பல்கலைக்கழகத்தில் ஒரு பற்றரி வாங்குவதற்கு மூன்று கடையில் விலை கேட்டு, குழுவில் வைத்து, ஒப்புதல் எடுத்து, காசோலை வருவதற்குள் வெங்காயத்தின் தாள் (இலை) சாய்ந்து பிடுங்கும் பருவமாகிவிடும். இடையில் பரீட்சை, வேலைநிறுத்தம். இதில் யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை, நடைமுறை அப்படி. அதனால் திட்டத்தை "மூன்றாம் மாதம், நான்காம் மாதம்" என்று எழுதுவதை நிறுத்தினோம். "நட்ட 10ஆம் நாள், 25ஆம் நாள், பிடுங்குவதற்கு ஒரு கிழமை முன்" என்று பயிரின் நாளில் எழுதினோம். சாமான் எல்லாம் கையில் வராமல் எந்தத் தோட்டத்துக்கும் தேதி சொல்லக்கூடாது என்றும் முடிவெடுத்தோம். முதல் போகத்தை ஒத்திகை என்று திட்டத்திலேயே எழுதி வையுங்கள். எழுதாவிட்டாலும் அது ஒத்திகையாகத்தான் முடியும். எழுதி வைத்தால் அறிக்கை கேட்கும்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்தது அளவு. இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆராய்ச்சியின் பாதி விஷயம் இதற்குள்தான் கிடந்தது.

தோட்டக்காரரிடம் எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டால், "ஒரு மணித்தியாலம் மெசின் ஓடும் தம்பி" என்பார். பொறியியல் நண்பர் லீட்டரில் கேட்பார். விவசாயக்காரர்களுக்கு மி.மீ. வேண்டும், மழையை அளப்பதுபோல. மெசினின் தகட்டில் எழுதியிருக்கும் அளவைப் பெருக்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்தத் தகட்டு அளவு, தூக்கும் உயரமும் குழாயின் நீளமும் இல்லாமல் மெசின் தள்ளக்கூடிய உச்சம். தோட்டத்தில் அது ஒருநாளும் வராது. 200 லீட்டர் நீலப் பீப்பாய் ஒன்றைப் பாத்தி ஓரத்தில் வைத்து, தண்ணீர் வழக்கமாக வந்து விழும் அதே குழாய் முனையை உள்ளே விட்டு, போனில் விநாடியைப் பார்ப்பதுதான் நம்பக்கூடிய வழி. 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லீட்டர், மணித்தியாலத்துக்கு 18,000 லீட்டர். கால் ஏக்கர் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லீட்டர் விட்டால் ஒரு மி.மீ. ஆக, ஒரு மணித்தியாலம் மெசின் ஓடினால் 18 மி.மீ. மூன்று பேரின் பாஷையும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டது.

வந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது. வெங்காயத்தின் வேர் ஒரு அடிக்குமேல் பெரிதாக இறங்காது. மணல் நிலம் அந்த ஒரு அடிக்குள் பயிருக்குத் தரக்கூடியதாகப் பிடித்து வைப்பது சுமார் 20 முதல் 30 மி.மீ. அதையும் முழுக்கக் குடித்து முடிக்கும்வரை வெங்காயத்தைக் காக்க வைக்க முடியாது. 30 சதவீதம் குறைந்ததும் மறுபடி தண்ணீர் விட வேண்டும் என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டி சொல்லும் கணக்கு. அப்படியென்றால் ஒரு தடவைக்குத் தேவை 6 முதல் 9 மி.மீ. மட்டும். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு நாளில் 5, 6 மி.மீ. காற்றோடு போய்விடும். ஆகவே தோட்டக்காரர் நாளுக்கு ஒரு தடவை, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுவது முற்றிலும் சரி. அடிக்கடி விடுகிறார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு குறை சொல்வது தவறு. ஒரு தடவைக்கு விடும் அளவுதான் கூட. நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடும் தோட்டத்தில் விடுகிற 18 மி.மீட்டரில் பாதியோ அதற்கு மேலோ வேரைத் தாண்டிக் கீழே போகிறது.

வெறும் தண்ணீர் போனால் பரவாயில்லை, திரும்பக் கிணற்றுக்குத்தானே வருகிறது என்று விடலாம். போகும்போது பசளையையும் கூட்டிக்கொண்டு போகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். மண்ணில் இருக்கும் பற்றீரியாக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்றை மணல் பிடித்து வைக்காது. தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். குடிநீரில் ஒரு லீட்டருக்கு 50 மி.கி. நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும் ஆபத்து உண்டு.

இங்கேயும் அளவுச் சிக்கல்தான். ஒரு ஆய்வுகூடம் நைத்திரேற்று என்று தருகிறது, இன்னொன்று அதற்குள் இருக்கும் நைதரசனை மட்டும் தருகிறது. 50 என்பதும் 11.3 என்பதும் ஒரே தண்ணீர். எங்களுக்கு இரண்டு இடத்திலிருந்து வந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஒரே கிணறு ஒரு கிழமையில் குணமாகிவிட்டதுபோலத் தெரிந்தது. நல்ல வேளை, உயிரியல் பக்கத்து அக்கா 4.43 ஆல் பெருக்கிப் பாருங்கள் என்றார். எந்த ஆய்வுகூடத்துக்குப் போத்தல் அனுப்பினாலும், "முடிவை எந்த வடிவில் தருவீர்கள்" என்று முதலே கேட்டு எழுதி வையுங்கள்.

சரி, தண்ணீரைக் குறைப்போம் என்று பொறியியல் நண்பர் களத்தில் இறங்கினார். மண் ஈரத்தை அளக்கும் மலிவான சென்சர்கள், ஒரு சின்னக் கட்டுப்பாட்டு போர்ட், சோலர் தகடு, தானாகத் திறந்து மூடும் வால்வு. ஈரம் குறைந்தால் திறக்கும், கூடினால் மூடும். வேலை அழகாகத்தான் நடந்தது. சில பாத்திகளில் தண்ணீர் செலவு நன்றாகக் குறைந்தது, வெங்காயத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடற்பக்கத்துப் பாத்திகளில்தான் கதை மாறியது. தாளின் நுனி கருக ஆரம்பித்தது. போனில் பார்த்தால் அந்தப் பாத்தி நன்றாக ஈரமாக இருக்கிறது என்று சென்சர் சொல்கிறது. பூச்சியா, பூஞ்சையா என்று ஒரு பக்கம் பேச்சு. விவசாய பீடத்து மாணவி ஒருத்தி சென்சருக்கு அருகிலேயே குழாயை இறக்கி மண் எடுத்தாள். கையில் வைத்துப் பிடித்தாள். உருண்டை பிடிபடாமல் விரலிடுக்கால் கொட்டிவிட்டது. மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, நிறுத்து, 105 பாகை உலர்த்தும் அடுப்பில் 24 மணித்தியாலம் வைத்து, மறுபடி நிறுத்தால் கணக்கும் அதையேதான் சொன்னது. காய்ந்த மண்.

மலிவான மின்தேக்கு வகைச் சென்சருக்குத் தண்ணீரையும் உப்பையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. உப்புக் கூடினால் ஈரம் கூடியதாகக் காட்டும். எங்கள் வால்வு சென்சரை நம்பித் தண்ணீரைக் குறைத்தது. தண்ணீர் குறைந்ததால் உப்பு கீழே இறங்காமல் வேருக்குப் பக்கத்தில் தங்கியது. உப்புத் தங்கியதால் சென்சர் இன்னும் ஈரம் என்றது. வால்வு இன்னும் குறைத்தது. வெங்காயமோ உப்பைத் தாங்காத பயிர். மண்ணின் உப்பைக் காட்டும் அளவான மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும், அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 16 சதவீதம் போகும். "நான் கூட ஊத்துறது சும்மா இல்ல தம்பி, உப்பு இறங்கத்தான்" என்றார் தோட்டக்கார அண்ணன். இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீங்கள் ஈரத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள் என்றார்.

கூட்டு ஆராய்ச்சி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பாத்திகளைத்தான் காட்டுவேன். பொறியியல் மட்டும் இருந்தால் "தண்ணீர் மிச்சம்" என்று கட்டுரை வந்திருக்கும். உயிரியல் மட்டும் இருந்தால் "நைத்திரேற்றைக் குறைக்கத் தண்ணீரைக் குறையுங்கள்" என்று அறிவுரை வந்திருக்கும். இரண்டும் அரைக்கணக்கு. ஒவ்வொரு தடவையும் அளவாக விடுவதும், இடையிடையே ஒரு தடவை உப்பைக் கழுவ வேண்டுமென்றே கூட விடுவதும், பசளை போட்ட கையோடு அந்தக் கழுவலைச் செய்யாமல் இருப்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முழுதாகும்.

சென்சரோடு வேலை செய்பவர்களுக்கு இரண்டு, மூன்று கைவேலை. பெட்டியோடு வரும் அளவுத்திருத்தத்தை நம்பாதீர்கள். தோட்டத்து மணலையே உலர்த்தி, ஒரு வாளியில் அடைத்து, அளந்த தண்ணீரைக் கலந்து நீங்களே திருத்தம் எடுங்கள். குழாய்த் தண்ணீரில் ஒன்று, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒன்று. இரண்டு கோடும் பிரிந்து போவதைப் பார்த்தால் மேலே சொன்ன கதை புரியும். சென்சர் தகட்டின் வெட்டிய ஓரங்கள் ஈரத்தை உறிஞ்சும். அங்கே கியூடெக்ஸ் (நகப்பூச்சு) இரண்டு பூச்சுப் பூசினால் தாக்குப்பிடிக்கும். நகரில் அதை வாங்கியபோது கடைக்காரப் பெண் எந்த நிறம் என்று கேட்டார். எது மலிவோ அது என்றேன், ஒரு மாதிரிப் பார்த்தார். வயர்களைத் தரையில் விடாதீர்கள். அணில், எலி, மாடு, மண்வெட்டி நான்குக்கும் அது தப்பாது.

டேட்டாவைப் பற்றி நடந்த வாக்குவாதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பதிந்தால் ஒரு சென்சர் நாளுக்கு 288 வரி தரும். ஒரு போகத்தில் ஆயிரக்கணக்கான வரி. "இவ்வளவு டேட்டா இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்" என்றது பொறியியல் பக்கம். விவசாயப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எத்தனை பாத்தி?" என்று மட்டும் கேட்டார். ஒரு பாத்திக்குள் மூன்று சென்சர் குத்தினாலும், அது ஒவ்வொரு நிமிடம் பேசினாலும், ஒப்பிடும் கணக்கில் அது ஒரு பாத்திதான். நோயாளி ஒருவரின் நாடியை நாள் முழுக்கப் பிடித்துப் பார்த்துவிட்டு நூறு நோயாளியைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாதல்லவா. நிலாவெளியில் கடலிலிருந்து தள்ளிப் போகப் போக உப்பின் அளவு மாறும். ஆகவே கடலுக்குச் சமாந்தரமாகத் தோட்டத்தை வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்குள்ளும் எல்லா முறைகளும் ஒரு தடவையாவது வரும்படி சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். இந்த வேலை நடுவதற்கு முன் நடக்க வேண்டும். நட்ட பிறகு எந்தப் புள்ளிவிபரக்காரராலும் காப்பாற்ற முடியாது.

தண்ணீர் மாதிரி எடுப்பதில் ஒரு சின்ன ஒழுங்கு. மெசின் ஓட முன் எடுத்த போத்தலும், ஓடி அரை மணித்தியாலம் கழித்து எடுத்த போத்தலும் ஒன்றல்ல. இறைக்க இறைக்க உப்பு மாறும். எப்போது எடுப்பது என்று ஒரே விதியை வைத்து, நேரத்தையும் எழுதுங்கள். எடுத்த போத்தல் ஐஸில் போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் உயிர்கள் வழியிலேயே நைத்திரேற்றை மாற்றிவிடும். மீன் வாடியில் நொறுக்கின ஐஸும் ஒரு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியும் வாங்கிக்கொண்டால் போதும், ஆய்வுகூடத்துப் பெட்டிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பேனையால் எழுதிய லேபிள் ஐஸ் தண்ணீரில் அழிந்துவிடும். பென்சிலால் எழுதி மேலே டேப் ஒட்டினால் அழியாது. இந்த ஐஸுக்கும் ஓட்டோவுக்கும் நிதித் திட்டத்தில் இடம் வையுங்கள். பல இலட்சம் ரூபாய் கருவிக்கு ஒதுக்கிவிட்டு, ஐஸ் வாங்க உதவியாளரின் சட்டைப்பையைப் பார்க்கும் திட்டங்கள் நிறைய.

எக்செல் தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று சண்டை வராமல் இருக்க, ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். பாத்திக்கு ஒரே பெயர், மூன்று பீடத்துக்கும். சென்சர் தந்த மூல எண்ணை அழிக்காமல் வையுங்கள். திருத்தம் பிறகு மாறும். யார் எழுதியது என்று ஒரு நிரல். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதையும் அதே கிழமை கதைத்து எழுதிவிடுங்கள், தோட்டத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே.

தோட்டக்காரரோடு செய்யும் ஒப்பந்தம்தான் எல்லாவற்றையும்விடக் கனமானது. எங்கள் ஆராய்ச்சிக்காக ஒரு பாத்தியில் தண்ணீரைக் குறைக்கிறோம் என்றால் அது அவருடைய வெங்காயம், அவருடைய கடன். விளைச்சல் குறைந்தால் யார் கொடுப்பது? 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய போகத்தில் பட்ட அடி இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. மேலேயிருந்து வரும் யோசனைக்குத் தங்கள் நிலம் பரிசோதனைக்கூடமாவது அவர்களுக்குப் புதிதில்லை. அதனால் பிடுங்கும் நாளின் சந்தை விலையில், பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டு, குறைந்த ஒவ்வொரு அந்தருக்கும் (ஏறக்குறைய 50 கிலோ) காசு என்று எழுத்தில் கொடுத்தோம். விவசாயப் போதனாசிரியரைச் சாட்சிக்கு வைத்தோம். அதற்குப் பிறகுதான் அண்ணன் வாய் திறந்து கதைக்க ஆரம்பித்தார். உப்புக் கழுவுகிற கதை, எந்தக் கிணறு எந்த மாதம் கரிக்கும் என்ற கதை எல்லாம் வந்தது அந்தத் தாளுக்குப் பிறகுதான்.

முடிவுகளைத் தமிழில் அரைப் பக்கமாக எழுதிக் கொடுத்தோம். அதில் அவர்களுக்குப் பிடித்தது சென்சர் இல்லை, பீப்பாய்க் கணக்கு. பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் மெசினுக்கும் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது பலருக்குத் தங்கள் மெசின் எத்தனை நிமிடம் ஓடினால் போதும் என்று தெரியும். உப்பைக் கழுவ எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட விட வேண்டும் என்பதற்கு மட்டும் எங்களிடம் இன்னும் நேரான பதில் இல்லை. அது கிணற்றுக்குக் கிணறு, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அடுத்த போகம் அதற்குத்தான். பொறியியல் நண்பர் ஈரத்தோடு மின்கடத்துதிறனையும் அளக்கும் சென்சருக்கு விலை கேட்டு வைத்திருக்கிறார், மூன்று கடையில்.